பெற்றவர் அறியாத கரை

போன ஆகஸ்டில் என் இடது கீழ்த்தாடையின் கோடியில் ஒரு பல் படுத்துக்கொண்டது. நிமிர்ந்து முளைக்க வேண்டியது, பக்கத்துப் பல்லின் தோளில் தலையைச் சாய்த்துக் கிடந்ததை எக்ஸ்ரேயில் காட்டினார் பல் டாக்டர். பேனா முனையால் திரையைத் தொட்டு, "ஒயாஷிராஸு" என்றார்.

ஜப்பானில் தொயாமாவுக்கு வேலைக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. 'ஒயா' என்றால் பெற்றவர், 'ஷிராஸு' என்றால் அறியாத என்று தெரியும். வீட்டுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று அக்கறையாக விசாரிக்கிறார் என நினைத்து, "அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை" என்று பதில் சொன்னேன். உதவியாளர் பெண் முகக்கவசத்துக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. அந்தப் பல்லுக்குப் பெயரே அதுதான் என்று பொறுமையாகச் சொன்னார்.

நாம் ஞானப்பல் என்கிறோம். கொரியாவில் காதல் பல். ஜப்பானியர் மட்டும் அதற்குப் 'பெற்றவர் அறியாதது' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மற்ற பல் எல்லாம் முளைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிற அம்மா, இது முளைக்கும்போது இருக்க மாட்டாள். பழைய காலத்தில் மனிதர்களின் ஆயுசு அவ்வளவுதான் என்று விளக்கம் சொல்கிறார்கள். பல் பிடுங்கிய அன்று ராத்திரி, கன்னத்தில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். வலது கன்னத்தை மட்டும் காட்டிப் பேசினேன். "ஏன்டா ஒரு பக்கமாவே உக்காந்திருக்கே, கழுத்து பிடிச்சிருக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். தாயறியாத சூல் உண்டா என்று நம் பக்கம் சொல்வார்கள். பல் விஷயத்தில் அது அன்றைக்குச் செல்லுபடியாகவில்லை.

அந்த வார்த்தை நாக்கில் ஒட்டிக்கொண்டது. கடைசி 'ஸு'வை வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிரவிட வேண்டும். தையல் போட்ட வாயால் அது வரவில்லை என்பதாலேயே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அந்த வாரத்தில்தான், ரயில் வழித்தட வரைபடத்தில் அதே பெயரில் ஒரு ஸ்டேஷனைக் கண்டேன். நீகாதா மாகாணத்தின் மேற்கு நுனியில், இதோயிகாவா நகராட்சிக்குள் ஒரு சின்னப் புள்ளி. பல்லை எழுதும்போது 'ஷிராஸு'வின் வால் ஜப்பானியக் கனா எழுத்தில் வரும். ஊருக்கு மூன்றும் சீன எழுத்து: பெற்றவர், இல்லை, அறி. வாசிப்பது ஒன்றுதான். எழுதுவதில்தான் ஊர் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது.

தையல் பிரித்த மறு ஞாயிறு கிளம்பினேன்.

2015 மார்ச்சில் ஷின்கான்சென் என்னும் புல்லட் ரயில் கானாசாவாவரை ஓடத் தொடங்கியதும் இந்தக் கரையோரத்துப் பழைய ரயில் பாதையை மாகாணத்துக்கொன்றாகச் சின்னக் கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அதனால் தோமாரி என்ற ஸ்டேஷனில் இறங்கி வண்டி மாற வேண்டும். மாறுவது என்றால் படியேறி இறங்குவது இல்லை. ஒரே நடைமேடையில், ஒரே தண்டவாளத்தில், நான் வந்த வண்டியின் மூக்குக்கு நேரே மற்றக் கம்பெனியின் வண்டி நிற்கிறது. சம்பந்திகள் மாதிரி, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு. அதுவும் ஒற்றைப் பெட்டி டீசல் வண்டி. தலைக்குமேல் மின்கம்பி இருக்க, அதைச் சட்டை செய்யாமல் உறுமிக்கொண்டு போகிறது. எச்சூ மியாஸாகி, இச்சிபுரி, அடுத்தது ஒயாஷிராஸு. ஷின்கான்சென்னில் வந்திருந்தால் இந்த இடத்தைச் சுரங்கத்துக்குள்ளேயே கடந்திருப்பேன்; கடலே கண்ணில் பட்டிருக்காது.

இறங்கியது நான் ஒருவன். ஸ்டேஷனுக்கு முன்னால் கடல் இருக்க வேண்டிய இடத்தில் கான்கிரீட் தூண்கள். ஹொகுரிகு அதிவேக நெடுஞ்சாலை, நிலத்தில் இடமில்லாமல், கடலுக்குள் கால் ஊன்றி மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகிறது. 1988இல் திறந்தது. தரையில் ரோடு போட இடமில்லாத ஊர் என்பது வந்த அடுத்த நிமிடமே புரிந்துவிட்டது.

ஜப்பானின் வடக்கு ஆல்ப்ஸ் எனப்படும் ஹிதா மலைத்தொடர் இங்கே முடிகிறது. முடிகிறது என்றால் சரிந்து, தணிந்து, வயலாகி, மணலாகி முடிவதில்லை. நடந்துகொண்டே இருந்த யானை சட்டென்று நின்றதுபோல், முந்நூறு நானூறு மீட்டர் உயரத்துக்குப் பாறைச் சுவராகக் கடலில் இறங்கிவிடுகிறது. 2,418 மீட்டர் உயர அசாஹி மலையிலிருந்து இந்தக் கடல்வரைக்கும் உள்ளூர் மலையேறிகள் 1971இல் ஒரு பாதை வெட்டி முடித்தார்கள். அதில் இறங்கி வருகிறவர்கள் கடைசியில் அலையில் கால் நனைத்துவிட்டுத்தான் பயணம் முடிந்தது என்கிறார்கள். ஜப்பானிய மலைகளைப் பற்றி எழுதிய ஆங்கிலேயப் பாதிரியார் வால்டர் வெஸ்டன் 1894இல் வந்து நின்று பார்த்த இடமும் இதுதான். அவருக்கு இங்கே சிலை இருக்கிறது.

இப்படியான சுவரைத் தாண்டித்தான் அந்தக் காலத்தில் எச்சூ நாட்டிலிருந்து (இன்றைய தொயாமா) எச்சிகோ நாட்டுக்கு (இன்றைய நீகாதா) போக வேண்டியிருந்தது. மேலே ஏற முடியாது. கீழே, பாறைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கீற்று மணல். அலை வந்தால் அதுவும் இல்லை. கடல் உள்வாங்கும் நேரம் பார்த்து ஓட வேண்டும், அடுத்த அலை வருவதற்குள் பாறையில் ஏதாவது குடைவுக்குள் புகுந்துகொள்ள வேண்டும், மறுபடி உள்வாங்கும்போது மறுபடி ஓட வேண்டும். கிழக்கே ஓமியிலிருந்து மேற்கே இச்சிபுரிவரை, ஏறக்குறைய 15 கிலோமீட்டர் இப்படி. நடுவில் உதா என்ற சிற்றூர். இச்சிபுரிக்கும் உதாவுக்கும் இடைப்பட்டது ஒயாஷிராஸு. உதாவுக்கும் ஓமிக்கும் இடைப்பட்டது கோஷிராஸு. 'கோ' என்றால் பிள்ளை. ஒன்று பெற்றவர் அறியாதது, மற்றது பிள்ளை அறியாதது.

அந்தக் குடைவுகளுக்கும் பெயர் உண்டு. பெரிய பொந்து, சின்னப் பொந்து என்று இரண்டு. இன்னும் இரண்டின் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்தது: ஓஃபுதோகோரோ, கோஃபுதோகோரோ. 'ஃபுதோகோரோ' என்பது கிமோனோவின் மார்பு மடிப்பு. காசு வைப்பது அங்கே, குழந்தையைப் பொத்தி வைப்பதும் அங்கே. தமிழில் இதற்குச் சொல் தேடி நான் அலையவே வேண்டியிருக்கவில்லை, மடி. வெற்றிலையும் சில்லறையும் முடிந்து வைக்கிற மடி, பிள்ளையைப் போட்டுக்கொள்கிற மடி. பெரிய மடி, சின்ன மடி. பெற்றவரும் பிள்ளையும் ஒருவரையொருவர் அறியாமல் ஓடிய கரையில், புகுந்து உயிர்தப்பும் இடத்துக்குப் பெயர் மடி.

இப்போது பெயர்க் கதைக்கு வருகிறேன்.

அறிவிப்புப் பலகைகளிலும் சுற்றுலாக் கையேட்டிலும் முதலில் வருவது ஒரு தாயின் கதை. 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் தாய்ரா குலம் மினாமோதோ குலத்திடம் தோற்று அழிகிறது. தாய்ரா கியோமோரியின் தம்பி யோரிமோரி தப்பி, எச்சிகோ நாட்டில் ஒளிந்து வாழ்கிறார். கேள்விப்பட்ட மனைவி, இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தலைநகரிலிருந்து கிளம்பி வருகிறாள். இந்தக் கரையில் அலை அடிக்கிறது. கையிலிருந்த பிள்ளை போய்விடுகிறது. அவள் பாடியதாக ஒரு பாட்டு: பெற்றவள் அறியாமல், பிள்ளை இந்தக் கரையின் அலையைத் தலையணையாக வைத்து, நுரையாய் மறைந்தது என்று. அந்தப் பாட்டின் முதல் வார்த்தைதான் ஊர்ப்பெயரானதாம்.

கேட்டால் மனது கனக்கிற கதைதான். ஆனால் வரலாற்றில் இருக்கிற யோரிமோரிக்கு ஒளிய வேண்டிய தேவையே இல்லை. அவருடைய அம்மா இகே நோ ஸென்னி, முந்தைய போரில் சிறுவனாகப் பிடிபட்ட மினாமோதோ யோரிதோமோவைக் கொல்ல வேண்டாம் என்று மன்றாடிக் காப்பாற்றியவள். அந்தச் சிறுவன் வளர்ந்து, தாய்ரா குலத்தையே அழித்தபோது, அந்த நன்றிக்காக யோரிமோரியை மட்டும் விட்டுவைத்தான். சொத்தையும் திருப்பிக் கொடுத்தான். யோரிமோரி 1186இல் செத்தார். குலமே கடலில் மூழ்கியபோது அம்மா செய்த புண்ணியத்தில் பிழைத்த மனிதரைக் கொண்டுவந்து, பெற்றவரை அறியாத கரையின் கதைக்கு அப்பனாக்கியிருக்கிறார்கள். கதை கட்டியவருக்கு இது தெரிந்திருந்ததா, தற்செயலா? தெரிந்தே செய்திருந்தால் பெரிய கைகாரர்.

இரண்டாவது விளக்கத்துக்குக் கதையும் இல்லை, கதாநாயகியும் இல்லை. ஓடும்போது பெற்றவருக்குப் பிள்ளையைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை, பிள்ளைக்குப் பெற்றவரைப் பார்க்க நேரமில்லை. அவ்வளவுதான். நான் இந்தக் கட்சி. அதற்கு ஒரு சின்ன இலக்கணக் காரணமும் வைத்திருக்கிறேன்.

'ஷிராஸு' சேர்ந்த வார்த்தைகள் ஜப்பானிய மொழியில் நிறைய. 'ஒன்-ஷிராஸு' என்றால் செய்ந்நன்றி அறியாதவன். 'ஹாஜி-ஷிராஸு' வெட்கம் அறியாதவன். 'செகென்-ஷிராஸு' உலகம் அறியாதவன். எல்லாவற்றிலும் முன்னால் நிற்பது அறியப்படாத பொருள். அந்தக் கணக்கில் 'ஒயா-ஷிராஸு' என்றால் பெற்றவரை அறியாதது என்றுதான் வர வேண்டும்; அறியாதது பிள்ளை. ஆனால் தாயின் பாட்டில் அறியாதவள் தாய். பல்லின் விளக்கத்திலும் அறியாதவர் பெற்றவர். இரண்டும் எப்படி நிற்கும்? வேற்றுமை உருபு இல்லையே, நிற்கும். பள்ளிக்கூடத்தில் புலி கொன்ற யானை படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. யானை புலியைக் கொன்றதா, யானையைப் புலி கொன்றதா? தாயறியாப் பிள்ளை என்று சொன்னாலும் தாயை அறியாத பிள்ளையா, தாய்க்குத் தெரியாத பிள்ளையா என்று தெரியாது. பாறைக்கும் கடலுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிற இரண்டு பேரில் யார் யாரை மறந்தார் என்று இந்தப் பெயர் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் உண்மை என்பதால்தான், இன்னொரு பாதிக்குக் கோஷிராஸு என்று வைத்து இரட்டையாக்கியிருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

இன்னொரு ஆதாரமும் இருக்கிறது. கவிஞர் பாஷோ 1689இல் இந்தக் கரையைத் தாண்டி, அன்றிரவு இச்சிபுரியில் தங்கினார். வடநாட்டிலேயே மோசமான இடங்களைக் கடந்துவந்த களைப்பில் தலையணையை இழுத்துப் போட்டுப் படுத்ததாக எழுதும்போது நான்கு பெயர்களை வரிசையாகச் சொல்கிறார்: பெற்றவர் அறியாதது, பிள்ளை அறியாதது, நாய் திரும்பியது, குதிரை திரும்பியது. நான்கையும் சேர்த்துப் படித்தால் ஒரு தாயின் சோகக் கதை காணாமல் போகிறது. இது சுமை தூக்குகிறவர்களும் குதிரைக்காரர்களும் வைத்த பட்டியல். இந்த இடத்தில் நாய் வராது, இந்த இடத்தில் குதிரை வராது, இந்த இடத்தில் பெற்ற பிள்ளையைக்கூடப் பார்க்காதே, ஓடு. எச்சரிக்கைப் பலகையைப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

வேறு வழி இல்லையா என்றால், மலைக்குப் பின்னால் அகேரோ கிராமம் வழியாக ஒரு காட்டுப்பாதை இருந்தது. அங்கே யாமான்பா என்னும் மலைக்கிழவி இருப்பாள் என்று பயம். கடலா பேயா என்று கேட்டால் பல பேர் கடலைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

பெரிய மனிதர்களும் இதே மணலில்தான் ஓடினார்கள். டோக்கியோவுக்கு எதோ என்று பெயர் இருந்த காலத்தில், பத்து லட்சம் கோகு நெல் வருமானம் கொண்ட காகா நாட்டுப் பிரபு, நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனைச் சேவிக்க ஆயிரக்கணக்கான பரிவாரத்துடன் இந்த வழியாக அந்த எதோ நகரத்துக்குப் போவார். அவர் கடக்கும்போது கரையூர் ஆட்களைக் கூலிக்கு வைத்து, கைகோத்துக் கடலில் வரிசையாக நிறுத்துவார்களாம். அலையை அவர்கள் முதுகில் வாங்கிக்கொள்ள, பல்லக்கு நனையாமல் போகும். அந்தச் சுவரில் நின்றவன் வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பாட்டு ஏதும் இல்லை.

நான் ஸ்டேஷனிலிருந்து மேற்கே 8ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நடக்க ஆரம்பித்தேன். அப்படி நடக்க வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய நாலு கிலோமீட்டர். நடைபாதை என்று எதுவும் கிடையாது. பாறையும் பனியும் விழாமலிருக்க ரோட்டின்மேல் கான்கிரீட் கூரை போட்டிருக்கிறார்கள். கடல் பக்கம் மட்டும் தூண்களின் நடுவே திறந்திருக்கும். உள்ளே நுழைந்ததும் லாரிச் சத்தம் இரட்டிப்பாகிறது. ஒவ்வொரு லாரிக்கும் முன்னால் ஒரு காற்று வந்து சுவரோடு தள்ளும். அது போன பிறகு பின்னால் ஒரு காற்று ரோட்டுப் பக்கம் இழுக்கும். கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது. லாரி இல்லாத இடைவெளியில் அடுத்த தூண்வரை வேகமாக நடப்பது, தூணோடு ஒண்டுவது, லாரி போனதும் மறுபடி நடப்பது. மூன்றாவது கூரைக்குள்தான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. சிரிப்பு வந்தது, தாடை வலித்தது.

கூரைகள் முடிந்ததும் பழைய ரோடு ஒன்று பிரிகிறது. 1878இல் மெய்ஜி பேரரசர் இந்தப் பக்கம் சுற்றுப்பயணம் வந்தபோது இந்தக் கரையைத் தாண்டப் பட்ட பாட்டுக்குப் பிறகுதான் ரோடு போட அரசுக்கு வேகம் வந்தது. பாறையின் இடுப்பில் வெட்டி 1883இல் முடித்தார்கள். இப்போது வண்டிகள் வருவதில்லை, நடக்கிறவர்களுக்கு மட்டும். ஓரத்துப் பாறையில் ஆளுயரத்துக்கும் மேலே நான்கு சீன எழுத்துகள் செதுக்கியிருக்கிறார்கள்: சாணைக்கல் போல, அம்பு போல. அதாவது ரோடு சாணைக்கல்லாகச் சமதளம், அம்பாக நேர். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அந்த ரோடு இரண்டு பக்கமும் வளைந்து மறைகிறது. அம்பு என்பதெல்லாம் ரொம்ப அதிகம். ஆனால் அதைச் செதுக்கியவர்கள் அதற்கு முந்தின வருடம்வரை அலையை எண்ணிக்கொண்டு ஓடியவர்கள். அவர்களுக்கு இது அம்புதான். நானூறு மீட்டர் பாறையைக் குடைந்த சந்தோஷத்தில் கொஞ்சம் மிகைப்படச் சொல்லக் கூடாதா என்ன.

அந்த இடத்தில் நின்று எட்டிப் பார்த்தால் நான்கு காலத்து ரோடுகளும் ஒரே பார்வையில் கிடைக்கின்றன. அடியில் கடல் நக்குகிற கற்கரை, அதுதான் முதல் ரோடு. நான் நிற்பது இரண்டாவது. 1966இல் திறந்த தேசிய நெடுஞ்சாலை மூன்றாவது. தூரத்தில் கடலுக்குள் நிற்கும் தூண்கள் நான்காவது. ரயிலும் இருக்கிறது. 1912இல் போட்ட பாதைக்கான செங்கல் சுரங்கம் அறுநூறு மீட்டருக்கு மேல் நீளம். 1965இல் பாதையை உள்ளே தள்ளிப் போட்ட பிறகு காலியாகி, இப்போது அதற்குள் நடந்து போகலாம். உள்ளே சுவரைத் தொட்டேன். புகைக்கரி இன்னும் விரலில் ஒட்டுகிறது.

ரயில் வந்ததும் பெயர் வெறும் பெயராகிவிட்டது என்று சொல்ல முடியாது. 1922 பிப்ரவரி 3 மாலை, தண்டவாளத்தில் பனி அள்ளப் போயிருந்த ஆட்கள் வேலை முடிந்து ரயிலில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். கோஷிராஸு பக்கம், சுரங்க வாயருகே, மலையிலிருந்து பனிச்சரிவு இறங்கி வண்டியை நசுக்கியது. 90 பேர் செத்தார்கள். அடுத்தடுத்த கிராமங்களிலிருந்து கூலிக்குப் போன ஆண்கள். அன்றைக்கு ராத்திரி சோறு எடுத்து வைத்துக் காத்திருந்த வீடுகளை நினைத்துக்கொண்டு சுரங்கத்தின் நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். மேலிருந்து சொட்டிய தண்ணீர் சட்டைக்குள் இறங்கியதும் வெளியே வந்துவிட்டேன்.

சுரங்கத்திலிருந்து கரைக்குப் படி இறங்குகிறது. மணல் என்று சொல்ல முடியாது, கூழாங்கல். இதோயிகாவா பச்சைக்கல் கிடைக்கிற ஊர். கரையில் குனிந்த தலையோடு ஒரு வயதான தம்பதி நடந்துகொண்டிருந்தார்கள். தேடுகிறீர்களா என்றேன். கணவர் பையைத் திறந்து பச்சையும் வெள்ளையுமாக நாலைந்து கல்லைக் காட்டினார். "எல்லாம் போலி. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் வெறும் கல்" என்றார் அந்த அம்மாள். இருந்தாலும் வாராவாரம் வருகிறார்களாம்.

அவர்கள் நகர்ந்த பிறகு, பாறையோரம் நின்று அலையை எண்ணிப் பார்த்தேன். செப்டம்பர் மாதம், கடல் தூங்கி வழிந்தது. குளிர்காலத்தில் இதே கடல் வேறு மாதிரி. உள்வாங்கிய நேரம் பார்த்து ஓடினேன். கூழாங்கல்லில் கால் புதைகிறது, ஓட்டம் ஓட்டமாகவே இல்லை. பதினேழாவது அடியில் தண்ணீர் கணுக்காலைப் பிடித்துவிட்டது. திரும்பிப் பார்த்தேனா என்று பிறகு யோசித்தால், பார்க்கவில்லை. பின்னால் வர யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

திரும்பும்போது லாரிக் கூரைகளுக்குள் போகத் தைரியமில்லாமல் டாக்ஸிக்குப் போன் செய்தேன். ஓட்டுநர் என் வீங்கின கன்னத்தைக் கண்ணாடியில் பார்த்து, பல்லா என்று கேட்டார். ஆமாம், ஒயாஷிராஸு என்றேன். அவர் இந்த ஊர்க்காரர்; இந்த ஜோக்கை ஆயிரம் தடவை கேட்டிருப்பார். மரியாதைக்குச் சிரித்தார்.

ஸ்டேஷனில் அடுத்த ஒற்றைப் பெட்டிக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. ஷூவைக் கழற்றிக் காலுறைகளைப் பிழிந்து பெஞ்சின் முதுகில் காயப்போட்டேன். தூண்களுக்கு நடுவே கொஞ்சம் கடல் தெரிந்தது. அம்மா கூப்பிட்டாள். இந்தத் தடவை போனை நேராகப் பிடித்தேன்.